கொம்பு சரியாக விழுகிறதா?



ஜூன் 21 கடந்துவிட்டது. 1982-இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருவிழாவின் நாள் அது. அலியான்ஸ் பிரான்சேஸ் உபயத்தில் நம் புதுச்சேரிக்கும் பழகிப் போன நாள். அடுத்து ஆடி வருகிறது. கூழ் ஊற்றுகிற ஒவ்வொரு தெருவிலும் ஒலிபெருக்கி கட்டுவார்கள், அம்மன் பாட்டு கேட்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் நமக்கு வரும் கடிதங்களில் பாட்டு சம்பந்தப்பட்டவை கொஞ்சம் கூடிவிடும்.

சாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரும் அவர் தம்பியும் சேர்ந்து ஐந்து பாட்டுகளை வீட்டு மாடி அறையிலேயே பதிவு செய்து முடித்துவிட்டார்களாம். மெத்தை, போர்வை எல்லாவற்றையும் சுவரில் சாய்த்து எதிரொலியை அடக்கி, காமராஜர் சாலை வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு ராத்திரியில் பாடியிருக்கிறார்கள். இணையத்தில் வெளியிட ஒரு விநியோக நிறுவனத்தில் பதிவும் செய்தாயிற்று. அங்கே போய் நின்றால், முகப்புப் படம் கேட்கிறார்கள். “டிசைன் பண்ணத் தெரியாது சார். போட்டோஷாப் கத்துக்க ஆறு மாசம் ஆகும்னு ஒருத்தர் சொல்றார். செல்போன்லயே அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்னு இன்னொருத்தர் சொல்றார். நாங்க எதுல ஆரம்பிக்கிறது?”

இதே கேள்வியைக் கோயில் பஜனைக் குழுக்காரர் ஒருவரும், கிறிஸ்துமஸ் பாடல்களை இப்போதே தயார் செய்யும் தேவாலயப் பாடகர் குழு ஒன்றும் வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பதில் எழுதுவதைவிட இந்தப் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிடுகிறேன். பத்திரிகை நடத்துகிறவனுக்கு அட்டைப்படம் என்பது மாதாமாதம் வரும் தலைவலி. அந்த அனுபவத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. இசைத்தட்டு உறைக்குப் படம் போடலாம் என்ற எண்ணமே அப்படியொன்றும் பழையதில்லை. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் 1940-இல் முதல் ஓவிய முகப்பைச் செய்யும்வரை, தட்டுகள் பெரும்பாலும் பழுப்புக் காகித உறையிலோ வெறும் அட்டையிலோதான் விற்றன. 1948-இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தது, ஓவியருக்கு ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான சதுரம் கிடைத்தது. வீட்டில் எச்.எம்.வி. தட்டுகள் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், மடியில் வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பெரியது அந்த உறை. பிறகு கேசட் வந்தது. முன்பக்கம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் உயரம், ஆறரை சென்டிமீட்டர் அகலம். அதிலேயே படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர், நாயகன் முகம், கம்பெனி முத்திரை எல்லாம். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான முதுகுப் பட்டையில் படத்தின் பெயர் மறுபடியும். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய கேசட் அகப்பட்டால் வாங்கிப் பாருங்கள். அந்த முதுகுப் பட்டையில் தமிழை எப்படி ஏற்றினார்கள் என்பதற்காகவே வாங்கலாம். அலமாரியில் நூறு கேசட்டுகள் அடுக்கியிருந்தாலும் தேடியது ஒரே பார்வையில் கிடைக்கும். அதை எழுதியவர்கள் பெயர் எங்கேயும் அச்சாகவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

குறுந்தகட்டுக்கு 12 சென்டிமீட்டர் சதுரம். இப்போது இணைய விநியோகத்துக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பது 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். எண் பெரிதாக இருக்கிறதே என்று பார்த்தால், கேட்பவர் கண்ணில் அது படுவது செல்போன் திரையில் ஒரு தபால்தலை அளவுக்கு. ஆகப் பெரிய படமாகச் செய்ய வேண்டும், ஆகச் சிறியதாகவும் தெரிய வேண்டும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டு அளவுகளையும் மறக்காதீர்கள்.

அளவுகூட இரண்டாவதுதான். தமிழில் முகப்பு செய்கிறவர்கள் எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எழுத்துப் பெட்டியைத் திறந்து ‘நொடி, கோடை, கௌரி, பூஞ்சோலை, ஸ்ரீ’ என்று தட்டச்சு செய்யுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் விழ வேண்டும். ஒற்றைக் கொம்பும் காலும் ‘நொ’வை இரு பக்கமும் அணைக்க வேண்டும். ‘ஸ்ரீ’ உடையக் கூடாது. கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, நடுவில் புள்ளிப் புள்ளியாய் ஒரு வட்டம் முளைத்தாலோ, அந்த மென்பொருள் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் உங்கள் எழுத்து வேலைக்கு ஆகாது. மூடிவிடுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? ஒருங்குறியில் ‘கொ’ என்பதைக் கணினி, முதலில் ‘க’ பிறகு உயிர்க்குறி என்ற வரிசையில்தான் சேமித்து வைக்கிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, பாதியை முன்னாலும் பாதியைப் பின்னாலும் வைத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட மென்பொருளுக்கு இந்த வேலையே தெரியாது. வந்த வரிசையில் அப்படியே கொட்டிவிடும். திருமணப் பத்திரிகையில், ஃப்ளெக்ஸ் பேனரில், ஏன், சினிமா விளம்பரத்தில்கூட இந்த உடைந்த கொம்பைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தத் தொல்லைக்காகத்தான் நம் டி.டி.பி. சென்டர்களில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த எழுத்துருக்கள் அவை. கொம்பைத் தனியாக, எழுத்துக்கு முன்னால், நாமே தட்டச்சு செய்வோம்; எந்த மென்பொருளிலும் உடையாது. அந்தக் காலத்துக்கு அது சாமர்த்தியமான வழி. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி ஆயிரக்கணக்கான புத்தகங்கள் அப்படித்தான் வந்தன, நம் பத்திரிகையும் அதில் சேர்த்தி. ஆனால் இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் அந்த வழியில் போக வேண்டியதில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உங்கள் தலைப்பு ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். பாட்டு விநியோகப் படிவத்தில் தலைப்பை ஒருங்குறியில் கொடுக்க வேண்டும், முகப்பில் அதே தலைப்பு வேறு குறியாக்கத்தில் கிடக்கும். ஒரு பெயரை இரண்டு முறை தட்டச்சு செய்தால் இரண்டு விதமான பிழைகள் வரும்.

சரி, எந்த மென்பொருளில் கொம்பு சரியாக விழுகிறது? இலவசமாகக் கிடைப்பவற்றில் இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டிலும் விழுகிறது. இரண்டுமே கட்டற்ற மென்பொருள்கள், எழுத்து வேலையை மட்டும் பார்த்துக்கொள்ளும் பொதுவான நிரல்தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. உலகின் பல எழுத்து முறைகளைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து அதில் சரி செய்து வைத்திருக்கிறார்கள். பணம் கட்டி வாங்கும் ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், விருப்பத்தேர்வுகளுக்குள் போய் எழுத்துப் பொறியை ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்று மாற்றினால்தான் தமிழ் ஒழுங்காக வரும். இது தெரியாமல் ‘ஃபோட்டோஷாப்பில் தமிழ் வராது’ என்று சொல்லித் திரிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளைக் கேன்வா நிறுவனம் 2024-இல் வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாகவே கொடுத்துவிட்டது. அருமையான கருவி. ஆனால் தமிழ் அதில் நெடுநாள் சரியாக அமையாமல் இருந்தது. ஆகவே அதையும் ‘நொடி, கோடை’ சோதனைக்குப் பிறகே நம்புங்கள்.

இனி என் தீர்ப்பு. கையில் செல்போன் மட்டும்தான் இருக்கிறது, வெளியீடு அடுத்த வெள்ளிக்கிழமை என்றால் கேன்வாவில் செய்யுங்கள். கணினி ஒன்று, எவ்வளவு பழையதானாலும், வீட்டில் இருந்தால் இங்க்ஸ்கேப்பில் தொடங்குங்கள். ஃபோட்டோஷாப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். கேன்வா 2013-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அதன் பலம் தயார் வடிவங்கள். திறந்த உடனே ஏதோ ஒன்று அழகாகத் தெரியும், தொடங்குகிறவருக்கு அது பெரிய தைரியம். தமிழ் எழுத்துருக்களும் சில இருக்கின்றன. ஆனால் உங்களுக்குப் பிடித்த வேறு எழுத்துருவை ஏற்ற வேண்டும் என்றால் சந்தா கேட்கும். பாதி வேலையில் அளவை மாற்ற வேண்டும் என்றாலும் சந்தா. அதனால் தொடங்கும்போதே நீங்களாக 3000-க்கு 3000 என்று அளவு கொடுத்துவிடுங்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த அதே வடிவத்தை ஈரோட்டில் ஒருவரும் கோலாலம்பூரில் ஒருவரும் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஒரே ஜவுளிக்கடையில் ஒரே ரகம் எடுத்துக்கொண்டு மூன்று பேர் ஒரு கல்யாணத்தில் சந்திப்பது மாதிரி ஆகிவிடும். வடிவத்தை அப்படியே எடுக்காமல் அதன் படங்களையெல்லாம் நீக்கிவிட்டு, இடம் விட்டிருக்கும் ஒழுங்கை மட்டும் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

ஆண்ட்ராய்டில் பிக்சல்லேப் என்ற செயலியை நம் பையன்கள் பிறந்தநாள் போஸ்டருக்கும் நினைவஞ்சலிக்கும் வெகு லாவகமாகப் பயன்படுத்துகிறார்கள். வெளியிலிருந்து எழுத்துரு சேர்க்க அது விடுகிறது. அதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இங்க்ஸ்கேப் 2003-இல் பிறந்தது. கோடுகளையும் வடிவங்களையும் கணக்காகச் சேமித்து வைக்கும் வகை அது. கோரல் டிராவில் வேலை செய்தவர்களுக்குக் கை உடனே பழகிவிடும். இதில் செய்த முகப்பைத் தபால்தலை அளவுக்குக் குறைத்தாலும், மேடைப் பின்னணி பேனருக்குப் பெரிதாக்கினாலும் ஓரங்கள் பிசிறடிக்காது. கோப்பு எஸ்.வி.ஜி. என்ற பொதுத் தரத்தில் இருக்கும். 2001-இலிருந்து உலக அளவில் ஏற்கப்பட்ட தரம் அது, எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. பத்து வருடம் கழித்து உங்கள் முதல் ஆல்பத்தை மறுவெளியீடு செய்ய நினைத்தால் அன்றைக்கும் திறக்கும். சந்தாவில் செய்த வேலையின் கதை வேறு. பணம் கட்டுவதை நிறுத்தினால் உங்கள் கோப்பு உங்களிடமே இருக்கும், அதைத் திறந்து திருத்தும் கருவி போய்விடும். அடோபி நிறுவனம் 2013-லேயே தன் புதிய பதிப்புகளை மாதச் சந்தாவுக்கு மாற்றிவிட்டது. அதை வைத்துச் சம்பாதிக்கிற தொழில்முறைக் கலைஞருக்கு அந்தப் பணம் பெரிதில்லை. வருடத்துக்கு ஒரு முகப்பு செய்கிற அக்காவுக்கும் தம்பிக்கும் எதற்கு?

‘கிராக்’ பண்ணிய ஃபோட்டோஷாப்பைப் பென்டிரைவில் தருகிறேன் என்று ஒரு நண்பர் கட்டாயம் வருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். கணினியில் வைரஸ் ஏறும் என்பது ஒரு காரணம். நம் பாட்டை யாரும் திருடிப் போட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறவர்கள், அதன் முகப்பைத் திருட்டு மென்பொருளில் செய்வது பொருந்தவில்லை என்பது இன்னொன்று.

கிம்ப் படங்களைத் திருத்துவதற்கு. முகத்தை மட்டும் வெட்டி எடுப்பது, வெளிச்சம் கூட்டுவது, பின்னணி மாற்றுவது, லேயர் லேயராக அடுக்குவது. தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இருவர் தொடங்கிய வேலை அது. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தபிறகு, செய்த மாற்றத்தைப் பிறகு திரும்பப் போய்த் திருத்திக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. கையால் ஓவியம் வரைகிறவர்களுக்குக் கிருதா என்ற மென்பொருள் பிடிக்கும். தூரிகைகள் அவ்வளவு நயமானவை. ஓவியத்தை அதில் முடித்து, தலைப்பு எழுத இங்க்ஸ்கேப்புக்குக் கொண்டு வந்துவிடுங்கள். எதையும் நிறுவ முடியாத பொதுக் கணினியில் உட்கார்ந்திருந்தால் உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபீ இருக்கிறது. ஃபோட்டோஷாப் கோப்பையும் திறக்கும். ஓரத்தில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையையும் நிறுவிக்கொண்டு உட்காராதீர்கள். ஒன்றை எடுங்கள். சதுரம் போடுவது, வண்ணம் நிரப்புவது, எழுத்து வைப்பது, படத்தைச் சதுரத்துக்குள் வெட்டுவது, பி.என்.ஜி. கோப்பாக வெளியே எடுப்பது. முகப்பு ஒன்று செய்ய இவ்வளவே போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் கை வந்துவிடும்.

எழுத்துரு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. முகப்பில் தமிழ் எழுதுகிறவர்கள் அவசரத்தில் விடுவது இங்கேதான். கூகுள் எழுத்துரு சேகரிப்பில் இலவசமாக, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தோடு, நல்ல தமிழ் எழுத்துருக்கள் சேர்ந்திருக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் ‘கட்டமரன்’, மெலிந்த கோட்டிலிருந்து தடித்த கோடு வரை ஒன்பது கனங்களில் வருகிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த ‘கவிவனார்’ சாய்ந்த கையெழுத்துப் போல இருக்கும்; ஒரு பாடகரின் தனி ஆல்பத்துக்குப் பொருந்தும். அவருடைய ‘பவனம்’ அமைதியானது. மும்பை ஏக் டைப் குழுவின் ‘பலூ தம்பி’ கொழுகொழுவென்று, குழந்தைப் பாட்டுக்கும் கானாவுக்கும் ஏற்றது. அதே குழுவின் ‘முக்த மலர்’ எங்கே வைத்தாலும் உறுத்தாது.

தேர்ந்தெடுத்த பிறகு தலைப்பைச் சிறிதாக்கிப் பாருங்கள். புள்ளி தெரிகிறதா? ‘கண்’ என்று எழுதியது தபால்தலை அளவில் ‘கண’ என்று படிக்கப்பட்டால் எழுத்துருவை மாற்றுங்கள், அல்லது ஒரு கனம் கூட்டுங்கள். ஆங்கில முகப்புகளில் எழுத்துகளை அகல விரித்து வைப்பது ஒரு மோஸ்தர். அதை நாமும் செய்யப் போனால் சில மென்பொருள்களில் ‘கா’வின் கால் தனியே கழன்று அடுத்த எழுத்தின் பக்கம் போய் நிற்கும். தமிழுக்கு அந்த அலங்காரம் ஒத்துவராது. பெயர் நீளமாக இருந்தால் இரண்டு வரியாக மடியுங்கள், சொல்லின் நடுவில் வெட்டாமல். ஒற்று விட்டுப் போயிருக்கிறதா என்று தமிழ் வாத்தியார் ஒருவரிடம் காட்டுங்கள். பாட்டு நன்றாக இருந்து முகப்பில் ‘காதல் கவிதை தொகுப்பு’ என்று சந்தி இல்லாமல் கிடந்தால், என்னைப் போன்ற ஆசாமிகள் பாட்டைக் கேட்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். செயற்கை நுண்ணறிவுப் படங்களில் தமிழ் எழுத்தை எழுதச் சொன்னால் சில சமயம் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் வந்துவிடுகின்றன. படம் அதில் வாங்குவது உங்கள் விருப்பம். எழுத்தை நீங்களே எழுதிவிடுங்கள்.

எதை வரைவது என்று திகைக்க வேண்டாம். வரையவே தெரியாதவர்களும் நல்ல முகப்பு செய்திருக்கிறார்கள். 1979-இல் வந்த ஜாய் டிவிஷன் குழுவின் ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ முகப்பு, கறுப்புப் பின்னணியில் மலைத்தொடர் போல வெள்ளைக் கோடுகள் மட்டும். ஒரு துடிப்பு விண்மீனிலிருந்து வந்த வானொலி அலைகளின் வரைபடம் அது. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் இருந்த அந்தப் படத்தை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் முகப்பாக்கினார். இங்க்ஸ்கேப்பில் தொடங்குகிறவர் ஒரு மாலையில் இப்படி ஒன்றைக் கோலப் புள்ளிகளை வைத்தே செய்துவிடலாம்.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்து, போர்ச் சூழலில் மீண்டும் லண்டன் போய்ச் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். லண்டனில் கலைக் கல்லூரி மாணவி. பாடகியாகும் முன்பே அச்சுத் தகட்டில் வண்ணம் தெளித்துப் படங்கள் செய்துகொண்டிருந்தார். தந்தையின் இயக்கப் பெயரைத் தலைப்பாக வைத்து 2005-இல் வந்த ‘அருளர்’ ஆல்பத்தின் முகப்பும் அந்தக் கையிலிருந்து, நண்பர் ஸ்டீவ் லவ்ரிட்ஜோடு சேர்ந்து, வந்ததுதான். நடுவில் அவர் முகம், சுற்றிலும் டாங்கியும் குண்டும் துப்பாக்கியும் தெளிப்பு வண்ணத்தில். நேர்த்தி என்று பார்த்தால் தொழில்முறை டிசைனர் முகம் சுளிப்பார். ஆனால் அதைப் பார்த்தவர் வேறு யாருடைய ஆல்பமென்றும் நினைக்க முடியாது. 2010-இல் ‘மாயா’ ஆல்பத்துக்கு யூடியூபின் ஓட்டப் பட்டைகளாலேயே தன் முகத்தை மறைத்தார்.

நம் ஊரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சர்தார் பட்டேல் சாலையில் 1959-லிருந்து நடக்கும் ஸ்ரீ அரவிந்தர் கைக்காகிதத் தொழிற்சாலையின் காகிதத்தில் ஒரு தாள் வாங்கி ஸ்கேன் செய்தால், இணையத்தில் யாரிடமும் இல்லாத பின்னணி உங்களுக்குக் கிடைக்கும். பூவிதழும் நாரும் கலந்தவை, நீரில் வண்ணம் மிதக்கவிட்டு எடுத்த பளிங்குக் காகிதங்கள் என்று எத்தனை. தமிழர் பகுதியின் திண்ணைத் தூண்கள், வில்லியனூர் சுடுமண் பொம்மைகள், காலையில் மீன் இறக்கும் கடற்கரை. எல்லாம் செல்போன் கேமராவுக்குள் வரும். மஞ்சள் சுவரையும் வெள்ளை நகர வீதியையும் மட்டும் கொஞ்ச காலம் விட்டு வையுங்கள். சுற்றுலா வந்தவர்கள் எல்லோரும் எடுத்தாயிற்று.

இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடும் ஆசையை அடக்க வேண்டும். பாரதியின் பாடல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949-இல் வாங்கி, பிறகு பொதுவாக்கியது. பாட்டை யாரும் பாடலாம். ஆனால் தேடுபொறியில் வரும் பாரதியின் ஓவியம் ஒவ்வொன்றையும் வரைந்தவர் ஒருவர் உண்டு. அவர் உரிமை தனி. பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ முகப்பில் 1967-இல் பிரபலங்களின் பெருங்கூட்டத்தையே நிற்க வைத்தார்கள். உயிரோடு இருந்தவர்களிடம் அனுமதி கேட்டுக் கடிதம் போனது. காந்தியின் உருவமும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. இந்தியாவில் மனம் புண்படும் என்று அஞ்சி இ.எம்.ஐ. நிறுவனம் அதை நீக்கச் சொல்லிவிட்டது. நம் வீட்டு எச்.எம்.வி. தட்டுகளுக்கு அன்றைக்கு அதே இ.எம்.ஐ.தான் தாய்க் கம்பெனி. உலகப் புகழ் பெற்றவர்களுக்கே அந்த எச்சரிக்கை என்றால் நாம் ஒரு நடிகரின் படத்தை இழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

படத்தை அனுப்பும் முன் ஒரு பார்வை பாருங்கள். முகப்பில் கைப்பேசி எண், இணைய முகவரி, விலை, மற்ற தளங்களின் முத்திரை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மங்கலான படமும் அப்படியே. முகப்பில் எழுதிய தலைப்பும் பாடகர் பெயரும் படிவத்தில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். திருவிழாவில் விநியோகிக்கக் குறுந்தகடும் அச்சிடப் போகிறீர்கள் என்றால், 12 சென்டிமீட்டருக்கு 1417 பிக்சல் போதும். உங்கள் 3000 பிக்சல் சதுரம் தாராளம். திரையில் ஒளிரும் பச்சையும் ஊதாவும் அச்சு மையில் அப்படி வராது. நான்கு வண்ண அச்சுக்குக் கோப்பை மாற்ற ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2024-இல் வந்த அதன் 1.6 பதிப்பில் தமிழும் ஒழுங்காக அமைகிறது. அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்துகளை வெறும் வடிவங்களாக, அதாவது ‘கர்வ்’ ஆக, மாற்றிய பிரதி ஒன்றும் மாற்றாத மூலம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிரதியைக் கொடுத்தால் அங்கே கோரல் டிரா இருந்தாலும் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலை இல்லை.

கூட ஆள் வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் இசையும் ஓவியமும் ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். பாடுகிறவரும் வரைகிறவரும் ஒரே டீக்கடையில் நிற்கும் இடம். ஒருவருக்கொருவர் வேலை செய்து கொடுத்துக்கொள்ளலாமே. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருளுக்காகவே இயங்கும் எஃப்.எஸ்.எச்.எம். அமைப்பு மாணவர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது. 2012-லிருந்து வரும் ‘கணியம்’ மின்னிதழ் இந்த விஷயங்களைத் தமிழிலேயே எழுதுகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டத்தில் இலவசமாக வெளியாகும் மின்னூல்களுக்குத் தன்னார்வலர்கள் அட்டைப்படம் செய்து கொடுக்கிறார்கள். கை பழக வேண்டும் என்கிறவர்கள் அங்கே நான்கு அட்டைகள் செய்து கொடுத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்கு வரலாம். முன்பின் தெரியாத ஒருவருடைய புத்தகத்துக்கு அட்டை செய்யும்போது வரும் பொறுப்பு, சொந்த வேலையில் வராது.

சாரம் வாசகிக்குத் தனியாக ஒரு சொல். ஐந்து பாட்டில் எது முதலில் கேட்க வேண்டிய பாட்டு என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அதை முடிவு செய்துவிட்டு அதற்கு மட்டும் முகப்பு செய்யுங்கள். ஐந்து பாட்டின் கருத்தையும் ஒரு சதுரத்துக்குள் அடைக்க வேண்டாம். முடிந்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். மற்ற வாசகர்களும் உங்கள் ஆல்பம், பஜனைத் தொகுப்பு, பள்ளிப் பாட்டு, எதன் முகப்பாக இருந்தாலும் அனுப்பலாம். எந்த மென்பொருளில் செய்தீர்கள், எந்த எழுத்துரு என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். தேர்ந்தவற்றை வரும் இதழின் உள்ளட்டையில் வண்ணத்தில், வடிவமைத்தவர் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்